உப்புக்காரிக்கு எழுதியவள்

சண்முகவடிவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் அவளைப் புகழ்ந்து எழுதுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்கள் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு இருபத்திரண்டு வருடமாகச் சங்கத் தலைவராக இருக்கிறேன். கணேசமூர்த்தி என்றால் தலவாக்கலைச் சங்க ஆபீஸ் வரைக்கும் தெரியும். தோட்டத்தை நடத்த வந்த நான்கு துரைமாரோடு சண்டை போட்டிருக்கிறேன். இரண்டு தடவை பொலிஸில் உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறேன். இத்தனை பேரோடு மல்லுக்கட்டியவனுக்கு, கொழுந்து பறிக்கிற ஒரு பெண்ணோடு எப்படிச் சண்டை போடுவது என்று மட்டும் தெரியவில்லை. காரணம், அவள் சந்தோஷமாக இருந்தாள்.

சிரிக்காதீர்கள். தலைவராக இருந்து பார்த்தால்தான் அந்தத் தொல்லை புரியும். நாங்கள் கஷ்டப்படுகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லித்தான் ஒரு ரூபாயாவது கூட்டி வாங்க வேண்டியிருக்கிறது. அதற்காகத் தொண்டை கிழியக் கத்திவிட்டு மலைப்பக்கம் போனால், அங்கே ஒருத்தி முழங்கால் வரை நனைந்து, காலில் அட்டை கடித்து ரத்தம் வழிய, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு பறித்துக்கொண்டிருப்பாள். எனக்கு எப்படி இருக்கும்?

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. புருஷன் ஆண்டியப்பன் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், காய்ச்சலில் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஒரே மகன் கிஷாந்த் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான். ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டிய எங்கள் லயத்தில் கடைசிக் காம்பரா அவளுடையது. பின்பக்கம் பாய் அகலத்துக்கு ஒரு துண்டு நிலம். அதில் லீக்ஸ், கரட், நாலு முட்டைக்கோவா போட்டிருப்பாள். வேலை விட்டு வந்ததும் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக் கூட அவிழ்க்காமல் அங்கேதான் குந்தியிருப்பாள். விளைந்ததைப் பாதி அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவாள். கேட்டால், பார்க்கத்தான் போட்டேன், தின்ன இல்லை என்பாள்.

வேலையிலும் அப்படித்தான். ஏழாம் நம்பர் மலை என்றால் பெண்கள் எல்லாரும் முகத்தைச் சுளிப்பார்கள். செங்குத்தான ஏற்றம். ஒரு அடி வழுக்கினால் ஓடையில் போய்த்தான் நிற்க வேண்டும். இவள் அங்கே ஒரு வரிசைச் செடி, ஒரு நிரை கொடுங்கள் என்று கங்காணியிடம் கேட்டு வாங்கிக்கொள்வாள். மேலே நின்றால் ரயில் வளைந்து போவது முழுசாகத் தெரியுமாம். எடைக்காக முற்றல் இலையைச் சேர்ப்பது, பையின் அடியில் ஈரச் சாக்கைச் செருகுவது, இதெல்லாம் தோட்டத்தில் நடக்காததில்லை. கம்பெனி எங்களை ஏய்க்கிறது, நாங்களும் கொஞ்சம் ஏய்க்கிறோம். இவள் மட்டும் செய்யமாட்டாள். நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை எல்லாருடைய பையிலும் கையை விட்டுக் கிளறுவார், இவள் பையைத் தொடக்கூட மாட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். யாருக்காக இவ்வளவு நேர்மை? கம்பெனிக்காரன் இவள் வீட்டுக் கூரையையா மாற்றிக் கொடுத்தான்?

இனிக் கடிதக் கதைக்கு வருகிறேன்.

லயத்து வீடுகளுக்கு நம்பர் கிடையாது, வீதிப் பெயர் கிடையாது. கடிதம் போடுகிறவர்கள் பெயரையும் பிரிவையும் தோட்டத்தையும் எழுதி, கீழே தலவாக்கலை என்று போடுவார்கள். எல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வந்து சேரும். முன்பு அதைக் கொண்டுவந்து கொடுக்கத் தபால்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஓய்வு பெற்ற பிறகு கம்பெனி அந்த வேலைக்கு ஆளே போடவில்லை. கடிதங்கள் ஆபீஸ் மேசையில் குவிந்து கிடந்தன. வங்கிக் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, பரீட்சை முடிவு எல்லாம் பிந்திப் பிந்தி, சிலது காணாமலே போயின. நான் தலைவராகி இரண்டாம் வருடம். ஆபீஸுக்குப் போய்ச் சண்டை பிடித்து, கீழ்ப்பிரிவுக் கடிதங்களை இனி என்னிடம் கொடுங்கள் என்று வாங்கினேன். அன்றிலிருந்து காலையில் பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பேர் கொடுக்க எல்லாரும் கூடி நிற்கும்போது, நான் பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பேன். சம்பளமில்லாத வேலைதான். ஆனால் அந்தக் கட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. பொய் சொல்வானேன்?

மாதம் ஒரு தடவை அந்தக் கட்டில் பச்சை மையில் எழுதிய ஒரு கடிதம் இருக்கும். புத்தளத்திலிருந்து வரும். எழுதுகிறவள் பெயர் கமறியா. உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. பதினெட்டு வருடத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையின் பேனா நண்பர் பகுதியில் அவள் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். 'வயது முப்பத்திமூன்று, தொழில் உப்பளம், பொழுதுபோக்கு இல்லை' என்று போட்டிருந்ததாம். பொழுதுபோக்கு இல்லை என்று உண்மையைச் சொன்னவள் இவள் ஒருத்திதான் என்று நினைத்து வடிவு எழுதினாளாம். அன்று பிடித்தது. ஒருத்தியை ஒருத்தி நேரில் பார்த்ததில்லை. படம் கூட அனுப்பிக்கொண்டதில்லை. கைபேசி வந்தபிறகு ஒரு தடவை பேசிப் பார்த்தார்களாம். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் வரவில்லை. அது யாரோ வேறு ஆளின் குரல் மாதிரி இருந்தது, கடிதமே போதும் என்று விட்டுவிட்டாளாம்.

உப்புக்காரி கடிதம் வந்திருக்கு, வந்து வாங்கிக்க என்று நான் கேலியாகத்தான் கூப்பிடுவேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வந்து வாங்கி, இரண்டு கையாலும் ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, மழைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பதில் எழுதுவாள். இங்கே தளிர் விட்டதை இவள் எழுத, அங்கே பாத்தியில் உப்புப் பூத்ததை அவள் எழுத, இப்படியே பதினெட்டு வருடம். எழுத வேறென்ன இருக்கிறது என்று என் மனைவி வினோதாவிடம் ஒருநாள் கேட்டேன். உங்களுக்கு எழுத யாருமில்லை, அதுதான் என்றாள். அன்று இரண்டு வேளை அவளோடு நான் பேசவில்லை.

போன வருடம் மார்ச் மாதம் சம்பளப் போராட்டம் தொடங்கியது. எங்கள் தோட்டத்தில் மெதுவாக வேலை செய்வது என்று முடிவு. பதினெட்டுக் கிலோ பறிக்கிற இடத்தில் எட்டுக் கிலோதான் பறிக்க வேண்டும். ஒருத்தரும் மீறவில்லை. வடிவும் மீறவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டாம் வாரம் என்னிடம் வந்து, கொழுந்தெல்லாம் முத்திப் போகுது, பார்க்கவே முடியவில்லை என்று கண் கலங்கினாள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தவள் மாதிரி நின்றாள். கொழுந்துக்காக அழுகிறவளை வைத்துக்கொண்டு நான் எங்கே போராடுவது?

மூன்றாம் வாரம் துரை பேச்சுக்குக் கூப்பிட்டார். போனோம். நானும் மற்றப் பிரிவுத் தலைவர்கள் இரண்டு பேரும். துரை நல்ல சிரிப்போடு தேத்தண்ணி கொடுத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மேசையில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகை விரித்துக் கிடந்தது. பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு, வாசியும் என்றார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

'கமறியா, கவ்வாத்து வெட்டின மலையில் புதுத் தளிர் வந்திருக்கிறது. விரல் பட்டதும் ஒடிகிறது. அந்தச் சின்னச் சத்தம் பறிக்கிறவளுக்கு மட்டும்தான் கேட்கும். பனி விலகும்போது மேலே நின்று பார்த்தால் நான் நேற்றுப் பறித்த இடம் முடி வெட்டிவிட்ட தலை மாதிரிச் சீராகத் தெரிகிறது. அதைப் பார்த்தால் எனக்குச் சோறு வேண்டாம். அரசாங்க உத்தியோகம் கொடுத்தாலும் இந்த வேலையை விட்டுப் போக மாட்டேன்.'

கீழே 'என் தோழியின் கடிதம்' என்று போட்டு, சண்முகவடிவின் முழுப் பெயர், எங்கள் தோட்டம், கீழ்ப்பிரிவு என்று எல்லாம் விவரமாக இருந்தது. அனுப்பி வைத்தவர் புத்தளம் கமறியா.

துரை சிங்களத்தில் ஒன்றுதான் கேட்டார். உங்கள் ஆட்களுக்கு இவ்வளவு சந்தோஷமான வேலை கொடுத்திருக்கிறோம், பிறகு எதற்குத் தலைவரே இந்தக் கூத்து என்றார். மற்ற இரண்டு தலைவர்களும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் ஒரு துரைக்கு முன்னால் பதில் இல்லாமல் நான் எழுந்து வந்தது அன்று மட்டும்தான். மறுநாள் காலை பெரட்டுக் களத்துச் சுவரிலும் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் அந்தக் கடிதத்தின் போட்டோக் கொப்பி ஒட்டியிருந்தது.

நேரே அவள் காம்பராவுக்குப் போனேன். வாசலோரத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து கரட் கழுவிக்கொண்டிருந்தாள். பத்திரிகையை அவள் முன்னால் எறிந்தேன். வாசித்தாள். முகம் வெளுத்துப் போனது. அச்சில் வந்தது அவளுக்கே தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்தது என்று காட்டிக்கொள்ள நான் தயாராக இல்லை.

பத்திரிகைக்கு ஒரு மறுப்பு எழுது என்றேன். அது என் கடிதமில்லை, கம்பெனிதான் எழுத வைத்தது என்று இரண்டு வரி போதும், மிச்சத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளும் என்றேன்.

"நான் பொய் எழுதல தலைவரே," என்றாள். "எனக்கு வேல புடிக்கும். சம்பளந்தான் புடிக்கல. ரெண்டும் வேற வேற இல்லீங்களா?"

"அத யாரு நம்புவா?"

"நம்பாட்டிப் போறாங்க. நான் கமறியாவுக்குத்தானே எழுதுனேன், துரைக்கா எழுதுனேன்? அதுல இன்னொரு பக்கமும் இருந்திச்சு. அத ஏன் போடலன்னு தெரியல. நான் கேட்டு எழுதுறேன்."

இன்னொரு பக்கமாவது மண்ணாவது என்று கத்தினேன். லயம் முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. கம்பெனி அவளுக்கு என்ன கொடுத்தது என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். ஒன்றும் கொடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். கேட்ட கேள்வி ஒரு வாரத்தில் பதிலாக மாறிவிட்டது. வடிவு துரையிடம் ஏதோ வாங்கிவிட்டாள் என்று மூன்று பிரிவிலும் பேசினார்கள்.

அதன் பிறகு அவளோடு ஒருத்தரும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று நான் வாயால் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை. மலையில் அவளுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு நிரையை விட்டுத்தான் மற்றப் பெண்கள் நின்றார்கள். பை நிறைந்தால் ஒருத்திக்கு ஒருத்தி தூக்கிவிடுவது வழக்கம். இவளுக்குத் தூக்கிவிட ஆள் இல்லை. வரப்பில் பையைச் சாய்த்து வைத்து, குந்தி, நெற்றியில் பட்டியை மாட்டி, கையை ஊன்றித் தானே எழும்புவாள். அவள் கொடுத்த லீக்ஸைத் திருப்பி அவள் வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். பக்கத்துக் காம்பராவில் ஒரு பிள்ளை பெரியவளாகிச் சாமத்தியச் சடங்கு நடந்தது. அவளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். எனக்கு அது போதவில்லை. அவள் ஒரு தடவை தலை குனிந்து வந்து, தப்பாகிப் போச்சு தலைவரே என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். அவள் வரவேயில்லை. விடிந்தால் மலைக்குப் போனாள், மாலையில் மண்ணைக் கிண்டினாள்.

மே மாதம் பச்சை மைக் கடிதம் வந்தது. வழக்கம்போலக் கட்டோடு பெரட்டுக் களத்துக்குக் கொண்டுபோனேன். ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். அவள் பேர் வந்ததும் அந்தக் கடிதத்தைக் கட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன். முன்கூட்டி யோசித்துச் செய்தது இல்லை. ஆனால் செய்தேன். வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரியில் சங்கத்துச் சந்தாப் புத்தகங்களுக்குக் கீழே வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து அதைப் பிரித்தும் பார்த்தேன். கமறியா கையெழுத்து உருண்டையாக, பிள்ளைகள் எழுத்து மாதிரி இருந்தது. 'வடிவு, நீ கேட்டு எழுதியது கிடைத்தது. பிழை என்னுடையதுதான். உன் கடிதம் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் பிடிக்கும். இதை நாலு பேர் படிக்கட்டும் என்று ஆசைப்பட்டு அனுப்பினேன். மற்றப் பக்கத்தில் நீ கஷ்டங்களை எழுதியிருந்தாய். அது அச்சில் வந்தால் உங்கள் துரை உன் வேலையைப் பிடுங்கிவிடுவான் என்று பயந்து அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டேன். உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக் கெடுத்துவிட்டேன். அல்லாஹ்வுக்காக என்னை மன்னித்ததாக ஒரு வரி எழுது. நீ எழுதும்வரை எனக்கு நிம்மதி இல்லை.'

நான் அதை மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். என்ன மனுசன் நீ என்று கேட்பீர்கள். அப்போது எனக்கு அது தண்டனையாகத்தான் தெரிந்தது. அவளால் நான் துரை முன்னால் வாயடைத்து நின்றேன். அவளும் கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன்.

ஜூலையில் இரண்டாம் கடிதம் வந்தது, செப்டெம்பரில் மூன்றாம் கடிதம், நவம்பரில் நான்காம் கடிதம். அவற்றை நான் பிரிக்கவில்லை. பிரிக்கப் பயமாக இருந்தது. இதற்கிடையில் சம்பளப் பேச்சு எங்கேயோ கொழும்பில் நடந்து, எப்படியோ முடிந்து, கொஞ்சம் கூடியது. எங்கள் பத்திரிகைக் கதையை அங்கே ஒருத்தரும் கேள்விப்பட்டிருக்கக்கூட இல்லை. லயத்திலும் மெல்ல மெல்ல அவளோடு பேச்சுத் தொடங்கிவிட்டது. காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு அவள் ரசம் வைத்துக் கொடுத்ததோடு அந்தப் பக்கம் சரியாகிவிட்டது. கோபம் மிச்சமிருந்தது எனக்கு மட்டும்தான். அலுமாரியில் அது பத்திரமாக இருந்தது.

அவள் ஒவ்வொரு நாளும் பெரட்டுக் களத்தில் என் கையில் இருக்கும் கட்டு முடியும்வரை நிற்பாள். முதலில் மற்றவர்களோடு கூட்டத்தில் நின்றாள். பிறகு கொஞ்சம் முன்னால் வந்து நின்றாள். கடைசிக் கடிதம் என் கையை விட்டுப் போனதும் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு மலைக்குத் திரும்புவாள். ஒரு பதில் வந்த பிறகுதான் அடுத்ததை எழுதுவது அவர்கள் பழக்கம். மற்றப் பக்கத்தைக் கேட்டு எழுதியதில் கமறியா மனம் நொந்துவிட்டாளோ என்று எண்ணிக் காத்திருந்திருப்பாள். மன்னிப்புக் கேட்ட கடிதம் கிடைத்தால்தானே மன்னித்தேன் என்று எழுத முடியும்? ஒக்டோபர் வரை இப்படியே போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா உட்கார்ந்திருந்தாள். கரட் பாத்தியில் புல் முளைத்தது. கணக்கப்பிள்ளை ஒருநாள் அவள் பையில் கையை விட்டுக் கிளறினார். உள்ளே முற்றல் இலை இருந்தது. எனக்கு அன்று சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

நவம்பர் கடைசியில் ஒரு காலை, எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் என் முன்னால் நின்றாள்.

"எனக்கு ஒண்ணும் வரலீங்களா தலைவரே?"

"வரல," என்றேன்.

"அவ செத்திருப்பாளோன்னு இருக்கு. செத்தா எனக்கு யாரு சொல்லுவா? அன்னைக்குப் பேசுன நம்பரும் இப்ப வேல செய்யல, அவ வீட்டுல எனக்கு வேற ஒருத்தரயும் தெரியாது."

நான் ஆபீஸ் பக்கம் நடந்தேன். நான்காம் கடிதம் அப்போது வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

டிசம்பரில் வினோதா சந்தாப் புத்தகம் எடுக்கப்போய் அந்தக் கட்டைக் கண்டுபிடித்தாள். கத்தவில்லை, அழவில்லை. காலைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்து, கோப்பைக்குப் பக்கத்தில் நாலு கடிதத்தையும் வைத்தாள். பிரித்த ஒன்றை மேலே வைத்திருந்தாள்.

"நீங்க குடுக்குறீங்களா, நான் குடுக்கவா?" என்று மட்டும் கேட்டாள்.

நானே எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பெரட்டுக் களத்தில் கொடுத்தால் எல்லாருக்கும் தெரிந்துபோகும். அதனால் எல்லாரும் மலைக்குப் போன பிறகு தனியாகக் கொடுத்துவிடலாம் என்று எண்ணினேன். அன்று பார்த்து ஏழாம் நம்பர் மலையில் வேலை. என் முழங்காலில் கொஞ்ச நாளாக வலி. ஏறி முடிக்கும்போது இருபது பெண்கள் வரிசையாக நின்று பறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் அவள்.

பக்கத்தில் போய்க் கடிதங்களை நீட்டினேன். அவள் பச்சை மையைப் பார்த்தாள். மேலே இருந்த கடிதத்தின் கிழிந்த விளிம்பையும் பார்த்தாள். கையை நீட்டவில்லை. இரண்டு கையிலும் கொழுந்து இருந்தது, மழையில் சொட்டச் சொட்ட நனைந்திருந்தாள்.

"கை ஈரம். மை கரஞ்சிடும்," என்றாள். "நீங்கதான் ஒண்ணத் தொறந்துட்டீங்களே. மிச்சத்தையும் நீங்களே தொறந்து படிங்க. எனக்குக் கேக்குற மாதிரிப் படிங்க."

பெண்கள் பறிப்பதை நிறுத்திவிட்டார்கள். கங்காணியும் பார்த்துக்கொண்டு நின்றார். என் குடையை ஒருத்தி வாங்கி எனக்கே பிடித்தாள். எனக்கு இரக்கப்பட்டு இல்லை, கடிதம் நனையக் கூடாது என்றுதான். நான் படித்தேன். மே மாதக் கடிதத்தைப் படித்தபோது, மன்னித்ததாக ஒரு வரி என்ற இடத்தில் வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். ஜூலைக் கடிதத்தில், நீ கோபமாக இருப்பது நியாயம்தான், ஆனாலும் எழுது, திட்டியாவது எழுது என்றிருந்தது. செப்டெம்பரில், உப்பு வாரும்போது உள்ளங்கை வெடித்து எரிகிறது, நீ ஆறுதல் சொல்லாமல் எரிவது இதுதான் முதல் தடவை என்றிருந்தது. இரண்டு பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார்கள். என்னை ஒருத்தி முறைத்துக்கொண்டே இருந்தாள்.

நவம்பர்க் கடிதம் சின்னது. 'வடிவு, மழையில் பாத்தி எல்லாம் கரைந்துவிட்டது, இந்தப் பருவத்து உப்புப் போனது. நானும் இனி உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன். உன் பக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அது உன்னுடையது, திருப்பி அனுப்புகிறேன்.' உள்ளே மடித்து ஒரு பழைய தாள். சண்முகவடிவின் கையெழுத்து. அதையும் படியுங்கள் என்றாள்.

'இதெல்லாம் ஒரு பக்கம் கமறியா. இனி மற்றப் பக்கம் கேள். எங்கள் லயத்தில் பதினாறு வீட்டுக்கு மூன்று கக்கூஸ், ஒன்றுக்குக் கதவில்லை. கூரை ஒழுகாத இடம் பார்த்துப் பாயைப் போட வேண்டும். மகன் அனுப்பாவிட்டால் மாதக் கடைசியில் ரொட்டிக்கு மா இருக்காது. வேலை இவ்வளவு நன்றாக இருக்கும்போது கூலி ஏன் இப்படி இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் தலைவர் அதற்காகத்தான் சண்டை பிடிக்கிறார். மூக்குக்கு மேலே கோபம் வருகிற மனுசன். என்னைக் கண்டால் அவருக்கு ஆகாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருடத்தில் உன் கடிதம் ஒன்றைக்கூட அவர் ஒரு நாள் பிந்திக் கொடுத்ததில்லை. மழையென்றாலும் காய்ச்சலென்றாலும் பெரட்டில் வந்து நின்று என் பேரைக் கூப்பிட்டுவிடுவார். அந்த மனுசன் இருக்கும்வரை உன் கடிதம் எனக்குக் கிடைக்கும்.'

கடைசி வரியை நான் முழுசாகப் படிக்கவில்லை. படித்தவரைக்கும் எல்லாருக்கும் கேட்டுவிட்டது. துரை முன்னால் வாயடைத்ததை ஒன்பது மாதம் பொறுக்க முடியாமல் இருந்தவன் நான். இருபது பெண்களுக்கு நடுவே அன்று நின்ற நிலைக்கு அதெல்லாம் ஒன்றுமேயில்லை. மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம் தலைவரே," என்று அவள் தடுத்தாள். "நான் மன்னிக்கல. இப்ப மன்னிக்கவும் மாட்டேன். அவ உசிரோட இருக்கான்னு தெரிஞ்சிச்சே, அது போதும். இனிமே உங்க பேருக்கே போடச் சொல்லி எழுதுறேன். நீங்க வாங்கி, நான் எந்த மலையில நின்னாலும் அங்க கொண்டாந்து குடுக்கணும். பெரட்டுல வேணாம்."

கொழுந்தைப் பையில் போட்டுவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். கங்காணி அப்போதுதான் நினைவு வந்தவர் போல, என்ன வேடிக்கை, பறிங்க பறிங்க என்றார். குடையைப் பிடித்தவள் அதை என் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதிவிட்டாள். தபாலில் போடக் கூட என்னை நம்பவில்லை, தானே தலவாக்கலைக்குப் பஸ் ஏறிப் போய்ப் போட்டுவிட்டு வந்தாள். பிறகு ஒரு வாரம், இரண்டு வாரம், நாலு வாரம் போயின. புத்தளத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. கமறியா மனம் விட்டுப் போயிருப்பாள், இனி எழுத மாட்டாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஆபீஸுக்குக் காலையில் ஒரு தடவை போகிறவன், மாலையிலும் போக ஆரம்பித்தேன். என்ன தலைவரே, சங்கம் ஆபீஸுக்கே குடி வந்துவிட்டதா என்று கிளாக்கர் கேலி செய்தார். மேசைக் குவியலை இன்னொரு தடவை கிளறிப் பார்த்துவிட்டு வந்தேன்.

தைப்பொங்கல் முடிந்து ஆறாம் நாள் வந்தது. பச்சை மை. 'தலைவர் கணேசமூர்த்தி மூலம் சண்முகவடிவுக்கு' என்று எழுதியிருந்தது. என் பெயருக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள். அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். அன்றும் ஏழாம் நம்பர் மலைதான். ஏறினேன். வடிவு என்னைப் பார்த்தாள், நிரையை முடிக்கும்வரை பார்க்காதவள் போலவே பறித்தாள். நான் ஓரமாக நின்றேன். முடித்ததும் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வந்து வாங்கி, இரண்டு கையாலும் ஒரு தடவை தடவிப் பார்த்து, மழைச் சட்டைக்குள் வைத்தாள். நன்றி என்று சொல்லவில்லை. இந்த மாதம் லீக்ஸ் நல்லா வந்திருக்கு, வினோதாவ வந்து எடுத்துக்கச் சொல்லுங்க என்றாள். எனக்கு இல்லை, வினோதாவுக்கு.

அதிலிருந்து மாதம் ஒரு தடவை மலை ஏறுகிறேன். எந்த மலையில் அவளுக்கு வேலை என்று கங்காணியிடம் முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேண்டுமென்றே கடினமான மலையாகப் பார்த்துக் கேட்டு வாங்குகிறாளோ என்று சந்தேகம் கூட உண்டு. அவளுடைய பையை மறுபடி ஒருத்தரும் கிளறுவதில்லை. கரட் பாத்தியில் புல் இல்லை. எனக்கு அவளைப் பிடிக்காது என்று சொன்னேன் அல்லவா, அதில் மாற்றமில்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்காது.

இந்த மாதக் கடிதம் ஐந்து நாள் பிந்திவிட்டது. இன்று இரண்டு தடவை ஆபீஸுக்குப் போய்ப் பார்த்துவிட்டேன். நாளைக் காலையில் பஸ் பிடித்துத் தலவாக்கலைத் தபால் கந்தோருக்கே போய்க் கேட்கப் போகிறேன்.